காசு கட்டிப் பார்க்கும் சாம்பியன்

மார்ச் 2, 2025, ஞாயிறு

ஞாயிறுதோறும் எங்கள் கடைக்குத் தனியாக வந்து இட்லி சாப்பிடும் டாரியஸ், இன்று இடது கண் வீங்கி வந்தார். ஐஸ் கொடுத்தேன். "வேலையில் அடிபட்டது" என்றார். ஏதோ கிடங்கில் மூட்டை தூக்குகிறவர் போலிருக்கிறது, பாவம் என்று ஒரு வடை அதிகம் வைத்தேன்.

பார்சல் கட்ட வந்த என் பையன் கிரீஷ் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். "அம்மா, அது யாருன்னு தெரியுமா? பாக்ஸிங்ல வேர்ல்ட் சாம்பியன்! நேத்தும் அட்லாண்டிக் சிட்டில ஜெயிச்சிருக்கார்."

"நீ பார்த்தியா?"

"பே-பர்-வியூம்மா. ஒரு ஃபைட் பார்க்க எழுபது டாலர் தனியா கட்டணும். யார் கட்டுவா? ஃபோன்ல ஒரு கிளிப் பார்த்தேன்."

இத்தனை நாளாக உலக சாம்பியனுக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்!

மார்ச் 9, ஞாயிறு

இவர், என் வீட்டுக்காரர், நம்பவில்லை. "வேர்ல்ட் சாம்பியனா? கூப்பன் குடுத்துன்னா பில் கட்டறான்!" கடைசியில் தானே போய்க் கேட்டார்.

டாரியஸ் சிரித்தார். பட்டம் வாங்குவதற்கு முன்னால் வெள்ளிக்கிழமைகளில் சாதாரண டிவியில் அவர் சண்டைகளைச் சும்மாவே காட்டுவார்களாம். அப்போது பெட்ரோல் போடுகிறவர்கூடக் கை குலுக்கிவிட்டுத்தான் போடுவாராம். "இப்போது சாம்பியன் பெல்ட் இருக்கிறது. தபால்காரர் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்கிறார்."

சம்பளம் பல மடங்கு ஆகிவிட்டதாம். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

மார்ச் 12

அவர் படத்தைக் கடையில் மாட்டினோம். தினமும் காபிக்கு வரும் கண்மணி கேட்டாள்: "ஏனுங்க்கா, ஹெல்த் இன்ஸ்பெக்டர் போட்டோவ எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?"

மே 11, ஞாயிறு

நேற்று டாரியஸுக்கு மறுபடி பட்டச் சண்டை. கடையில் போடலாமா என்று இவர் விசாரித்தார். ஓட்டல் என்றால் நாற்காலியை எண்ணி ரேட்டாம். ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டார்.

வீட்டில் என் கார்டைப் போட்டு நானே வாங்கினேன். முதலில் யார் யாரோ அடித்துக்கொண்டார்கள், மணிக்கணக்காக. சோபாவில் கண் அசந்துவிட்டேன். விழித்தால் வேறு எவனுடைய கையையோ தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். எழுபது டாலர் கட்டித் தூங்கியவள் இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரிலேயே நான் ஒருத்திதான்.

மூலையில் டாரியஸ். முகத்தில் துண்டு. அதைப் பார்க்க மட்டும் சரியாக விழித்துக்கொண்டேன்!

ஜூன் 8, ஞாயிறு

டாரியஸ் இன்றும் வரவில்லை. ஒரு ஃபோன் நம்பர்கூட வாங்கி வைக்கவில்லையே, என்ன மனுஷி நான்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

பட்டம் போனவருக்கு யார் தனியாகக் காசு கட்டுவார்கள்? அதனால் டாரியஸ் சண்டையை இன்று சாதாரண சேனலிலேயே காட்டினார்கள். கிரீஷ்தான் கண்டுபிடித்துக் கடை டிவியில் போட்டான். முதலில், "கிரிக்கெட்ட ஏன் மாத்தினீங்க?" என்று சண்டை. பிறகு ஒருவரும் தட்டைத் தொடவில்லை. தோசை எல்லாம் ஆறிப்போயிற்று. "லெஃப்ட்ல குத்து சாமி, லெஃப்ட்ல!" என்று கண்மணி நாற்காலிமேல் ஏறிவிட்டாள். அவர் ஜெயித்ததும் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வந்தார்! கடையே எழுந்து நின்றது. "சாம்ப்! சாம்ப்!" மேஜை மேஜையாகச் செல்ஃபி. இட்லி வாய்க்குப் போகவே இல்லை. நிஜமாகவே சாம்பியனாக இருந்தபோது உப்பு வேண்டுமா என்றுகூட ஒருவரும் கேட்டதில்லை.

"நீங்க எப்ப சாம்பியன் ஆனீங்க?" என்று கண்மணி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இப்போது இல்லை மேடம், தோற்றுவிட்டேன்" என்றார்.

"பாருங்க்கா, எவ்வளவு அடக்கம்!" என்றாள் என்னிடம்.

அக்டோபர் 12, ஞாயிறு

டாரியஸ் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். டிசம்பரில் பட்டத்துக்கு இன்னொரு வாய்ப்பாம். இப்போது ஜனங்களுக்கு அவரைப் பிடித்துவிட்டதாம், டிவிக்காரர்களே சொன்னார்களாம். கடையில் ஒரே கைதட்டல்.

"எந்த சேனலுங்க?" என்றாள் கண்மணி.

"பே-பர்-வியூ."

"ஓ" என்றாள். யாரோ ஒருவர் சாம்பார் கேட்டார். ஒவ்வொருவராகத் தங்கள் மேஜைக்குத் திரும்பினார்கள். இவர் ரிமோட்டை எடுத்துக் கிரிக்கெட் வைத்தார்.

டாரியஸ் இட்லியைப் பிட்டார். கல்லாவைக் கிரீஷிடம் விட்டுவிட்டு, ஒரு காபியோடு போய் அவர் எதிரே உட்கார்ந்தேன்.