கட்டில் போட்ட வரைபடம்

மார்ச் 4

என் வாயாடிக்கு,

நலம்தானே? போனில் பேசினால் முதலாளியம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். இந்த வீட்டைப் புதுப்பிக்கப் போகிறார்கள். வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள், மூலையில் உன் ஆபீஸ் பேர். எல்லா அறையிலும் கட்டில், அலமாரி போட்டிருக்கிறது. நாய்க்குக்கூட மெத்தை. சமையற்கட்டுக்குப் பின்னால் என் அறை மட்டும் வெறும் கட்டம். தரையில் படுத்து எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது. வரைந்ததைத்தான் தச்சர் செய்வாராம். எனக்கும் ஒரு கட்டில் போடேன். யார் கேட்கப் போகிறார்கள்?

அம்மா

மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

வேலையாட்கள் அறைக்கு நாங்கள் சாமான் வரைவதே இல்லை, அறையின் பேர் மட்டும் எழுதுவோம். நேற்று உனக்கு ஆறடிக் கட்டில் போட்டுவிட்டேன், தலையணையோடு. கதவும் இடிக்காது. எங்கள் ஆபீஸ் பெரியவர் கவனிக்காமலே கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இனி ராணி மாதிரி காலை நீட்டித் தூங்கு.

உன் வாயாடி

மார்ச் 27

அம்மா,

முதலாளியம்மா ஆபீசுக்கு வந்தார். உன் கட்டிலில் விரலை வைத்து, "இவ்வளவு இடமா அங்க சும்மா கெடக்கு?" என்றார். பெரியவர் உடனே அதைச் சலவை அறையாக மாற்றச் சொன்னார். நீ எங்கே படுப்பாய் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை அம்மா. நீ சமையல் வேலை செய்வது இங்கே யாருக்கும் தெரியாது. என்னிடம் வந்துவிடு. அறையில் இன்னொருத்தி இருக்கிறாள், சமாளிக்கலாம்.

உன் மகள்

ஏப்ரல் 9

மகளுக்கு,

புது வரைபடத்தை முதலாளியம்மாவே கூப்பிட்டுக் காட்டினார். என் கட்டில் இருந்த இடத்தில் துணி துவைக்கும் மிஷின். ஈரம் தங்கினால் மிஷின் கெட்டுவிடுமாம், அதற்காகப் பெரிய ஜன்னல் வைத்திருக்கிறாய். இத்தனை வருஷம் அங்கே காற்றில்லாமல் படுத்தவளுக்குப் பார்க்கவே ஆசையாக இருந்தது. "யார் போட்டதோ, கை சுத்தமா இருக்கு" என்று மெச்சினார். என் பெண் என்று நான் சொல்லவில்லை. நீ சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

வேலை தொடங்க என் அறையைக் காலி செய்துவிட்டார்கள், இப்போது அடுப்பு மேடைக்குக் கீழே படுக்கிறேன். உன் அறைக்கு வரமாட்டேன். கூட இருப்பவளிடம் என்னை யாரென்று சொல்வாய்? கோபமில்லை, மனசு விட்டுப்போயிற்று. நேரத்துக்குச் சாப்பிடு. இனி எழுதாதே.

இப்படிக்கு,
அந்த வீட்டுச் சமையற்காரி