மாமனார் வரிசை

மார்ச் 4

அண்ணனுடைய லாரிப் பட்டறையின் பின்பக்கம் இன்று இரண்டு பாத்தி போட்டேன். வருடக்கணக்காக இன்ஜின் ஆயிலைக் குடித்துக் களைகூட முளைக்காத மண். இரண்டிலும் சூரியகாந்தி. ஒரு பாத்தியில் மட்டும் வேரோடு பூஞ்சை கலந்த மண் வைத்திருக்கிறேன். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க.

பூஞ்சைப் பக்கம் எண்ணெய் நன்றாகக் குறைந்தால் இடம் முழுக்க நடலாம். இல்லையென்றால் இடத்துக்காரர் கான்கிரீட் போட்டு மூடிவிடுவார், என் ஆராய்ச்சியையும் சேர்த்து.

மார்ச் 29

பூஞ்சை இல்லாத செடிகள் மஞ்சளாகிவிட்டன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அண்ணன்தான் இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிற்கிறான். அவற்றுக்குப் பட்டப்பெயர் வேறு வைத்திருக்கிறான். ஒன்று கிளீனர், ஒன்று குட்டி கியர். டயர் குவியல் ஓரம் இருக்கும் வரிசை முழுக்க அண்ணி வீட்டு ஆட்கள். முதலில் நிற்பது மாமனார்.

ஏப்ரல் 18

கிளீனர் பச்சையாகிவிட்டது. எப்படி?

மே 2

டயர் ஓரம் தவிர எல்லாமே பச்சை. நிழலா? இல்லையே, நல்ல வெயில் அடிக்கிறது. மண்டை காய்கிறது.

ஜூன் 20

மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இரண்டு பாத்தியிலும் எண்ணெய் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்திருக்கிறது. "அப்ப பூஞ்சை எதுக்கு?" என்றார் பேராசிரியை. இடத்துக்காரர் ஜல்லி இறக்கிவிட்டார். பேருந்திலேயே அழுதேன்.

ஜூன் 21

கொலைவெறியில் எழுதுகிறேன். அண்ணன் சாவகாசமாகச் சொல்கிறான்: "ஒரு பக்கம் விருந்து, ஒரு பக்கம் பட்டினி. மனசு கேக்குமா? அங்கேருந்து ஆளுக்கு ஒரு கை மண்ணு எடுத்து வேர்ல போட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். என் பிழைப்பே போச்சேடா பாவி – என்று கத்திக்கொண்டிருந்தபோதே பொறி தட்டியது.

"டயர் ஓரத்துக்கும் போட்டியா?"

"கல்யாணத்தன்னிக்கு கிரீஸ் கைன்னு சொல்லி எனக்கு கை குடுக்காத மனுஷன். அவருக்கு நான் ஏன் போடணும்?"

இவனை அடிப்பதா, கட்டிப்பிடிப்பதா?

ஜூன் 29

பாத்தி மொத்தத்தையும் கலக்காமல் வரிசை வரிசையாக மண் எடுத்துப் பரிசோதித்தோம். மாமனார் வரிசையில் மட்டும் எண்ணெய் பெரிதாகக் குறையவில்லை. பூஞ்சைதான் வேலை செய்திருக்கிறது!

"இந்த வரிசையை எந்த அடிப்படையில விட்டீங்க?" என்றார் பேராசிரியை. குடும்பத் தகராறு என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, நடந்ததை அப்படியே எழுதச் சொன்னார்.

ஜூலை 3

இடத்துக்காரர் ஜல்லியைத் திரும்ப எடுத்துப் போகிறார். இனி இடம் முழுக்க நடவு.

ஜூலை 5

பட்டறைக்கு வந்த அண்ணி கேட்டார்: "இந்த வரிசை மட்டும் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"ஆராய்ச்சி, அண்ணி," என்றேன்.

ஆகஸ்ட் 12

மாமனார் வேரிலும் யாரோ ஒரு கை மண் போட்டிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. உள்ளங்கை அளவில் இன்று ஒரு பூ பூத்திருக்கிறது, பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"பாரு, கொழுப்பு இன்னும் அடங்கல," என்றான் அண்ணன். சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றினான்.