தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

நைனா,

இன்று புத்தூர் ரைஸ் மில் வாசலில் தவிட்டு வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம். அந்த மில் வந்தால் நீ எதிர்ப்பக்கம் போய்விடுவாய். மாட்டுக்குத் தவிடு வாங்கக்கூட என்னைத்தான் அனுப்புவாய்.

தவிட்டுக்கு வாங்கினோம் என்று எந்தப் பிள்ளையைத்தான் சீண்டவில்லை? மற்ற பிள்ளைகள் அழுதுவிட்டு மறந்தார்கள். உனக்கு மட்டும் அது கேலியாக இல்லை. எல்லை பிரித்து நம் ஊர் ஆந்திராவுக்கு வந்த புதிதில் உன்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். தெலுங்கில் எழுதிய அந்தச் சர்டிபிகேட்டில் தாயார் பெயர் கன்னியம்மாள். அவள் அடுத்த வீட்டுக்காரி. உன்னை வளர்த்ததோ முனியம்மாள். முனியம்மாள் செத்தபோது கன்னியம்மாள் குடும்பம் திருத்தணிக்குப் போய்விட்டிருந்தது, கேட்க ஆளில்லை. வாங்கின பிள்ளை கொள்ளி வைக்கக்கூடாது என்று பங்காளிகள் சொன்னதும் ஒதுங்கி நின்றாயாம்.

அமாவாசைதோறும் கபில தீர்த்தத்தில் தர்ப்பணம் செய்யும்போது ஐயர் உன் தாயார் பெயரைக் கேட்பார். நீ தண்ணீரையே பார்ப்பாய். அவர் மறுபடி கேட்டால், "அம்மான்னு சொல்லிடு சாமி, அது போதும்" என்பாய். எனக்கு ஆத்திரமாக வரும், யார்மேல் என்றுதான் தெரியாது.

நீ போன பிறகும் அது என்னை விடவில்லை. சித்தூர் ஆபீசுக்கு அலைந்து, மெட்ராஸ் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவேட்டைத் தேடி எடுக்க வைத்தேன். தமிழில் எழுதியிருந்தது. உன்னைப் பெற்றவள் முனியம்மாள். உனக்கு முன் அவளுக்குப் பிறந்த இரண்டும் இறப்புப் பக்கத்தில் இருந்தன. அப்படியானால் பள்ளியில் ஏன் வேறு பெயர்? திருத்தணிக்குப் போய்க் கன்னியம்மாளின் மகளைக் கேட்டேன். கிழவி சிரித்துவிட்டாள்.

"பெத்தது முனிம்மாதான். முன்னாடி ரெண்டும் தங்கல. அதான் உங்க நைனாவ மொறத்துல போட்டு, சும்மா பேருக்கு எங்கம்மாவுக்குத் தவிட்டுக்கு வித்துட்டாங்க. அப்புறம் யாரு கேட்டாலும் எங்கம்மா பேரத்தான் சொல்லணும், இல்லன்னா புள்ள தங்காது. இஸ்கூல்ல பேர் கேட்டப்போ முனிம்மா பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்துச்சாம். வாயே தெறக்கலியாம்."

நைனா, முனியம்மாள் உன்னை வாங்கவில்லை. நீ பிழைக்க வேண்டும் என்று பெற்றவளே விற்றிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழ அழ மனசு லேசாகிக்கொண்டே வந்தது. நீ இருக்கும்போதே போயிருக்கலாம் என்ற குறை இருக்கிறது. ஆனாலும் நிம்மதிதான் பெரிது.

இன்று மில்லுக்குள் போய், தீர்த்தக்கரை மாட்டுக்கு ஒரு படி தவிடு வாங்கி வைத்திருக்கிறேன். நாளை அமாவாசை. உன் பெயரைச் சொன்னதும் உன் தாயார் பெயரைக் கேட்பார் ஐயர். முனியம்மாள் என்பேன். இரண்டாம் தடவை அவர் கேட்க வேண்டியிருக்காது.