வலக்கண்ணில வாற தண்ணி

இஞ்சாருங்கோ,

நான் இப்பிடிக் கூப்பிடுற ஒரே ஆள் நீங்கள்தான். கலியாணம் கட்டின நாளில இருந்து உங்கட பேரை நான் வாயால சொன்னதில்லை, என்ர பேரை நீங்களும் சொன்னதில்லை. நான் 'இஞ்சாருங்கோ', நீங்கள் 'இஞ்சாரும்'. டென்மார்க் வந்தும் இந்த இக்காஸ்ட் கடைத்தெருவில ஆளை ஆள் துலைச்சுப்போட்டு இப்பிடியே கத்தித் திரிஞ்சிருக்கிறம். தமிழ் ஆக்கள் நிண்டால் பத்துப் பேர் திரும்பிப் பாப்பினம்.

நீங்கள் போய் ஒரு வருசம் கழிஞ்சு இப்பதான் எழுதிறன், கோவிக்காதேங்கோ. போன சனிக்கிழமை ஒரு விசயம் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினனான். ஆனால் அதுக்கு முன்னால நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாதே.

உங்கட செத்தவீட்டில நான் அழேல்லை. வேலைக்கெண்டு சாப்பாட்டுப் பெட்டியோட வெளிக்கிட்ட மனுசன், பின்னேரம் ஆஸ்பத்திரியில துணி மூடிக் கிடக்கிறார். அண்டைக்கே எனக்கு எல்லாம் விறைச்சுப் போச்சு. கோயில் சரசக்கா ஓடிவந்து கட்டிப்பிடிச்சு, 'ஐயோ என்ர பிள்ளை' எண்டு தொடங்கினா. எனக்கு ஒண்டும் வரேல்லை. அவவின்ர தோளுக்கு மேலால, பூ வைச்ச மேசை கோணலாக் கிடக்கு, ஆராவது நேராக்கினால் நல்லம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு நாலு சனம் கதைச்சதாம், 'அவளுக்குக் கல்லு நெஞ்சு' எண்டு. கதைக்கட்டும். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

சாம்பல் கரைக்க சில்க்போர்க் ஏரிக்குக் கொண்டு போகத்தான் எனக்கு விருப்பம். நீங்கள் தூண்டில் போட்டு ஒரு மீனும் பிடிக்காத ஏரி. ஆனால் இஞ்சத்தைச் சட்டத்தில கடலிலதான் கரைக்கலாமாம். அதால பிரெடெரிசியாக் கடற்கரைப் பக்கம் போனம். உங்களோட வேலை செய்த யென்ஸ்தான் போட் ஒழுங்கு பண்ணித் தந்தவன். நல்ல பொடியன், உங்களைப் பற்றிக் கதைக்கேக்க மூக்கைத் துடைச்சுக்கொண்டே நிண்டான்.

போட் கட்டியிருந்த இடத்துக்குப் போற வழி முழுக்க முழங்காலளவு புல்லு. அபி சப்பாத்தைக் கழட்ட வேண்டாம் எண்டு டெனிஸில கத்தினாள், உங்கட மகள் எப்ப எனக்குத் தமிழில மறுமொழி சொன்னவள்? புல்லுக்க உண்ணி இருக்கு, கவனம் எண்டு யென்ஸும் சொன்னான். உங்களைக் கையில ஏந்திக்கொண்டு நான் சப்பாத்தோட நடக்கிறதோ? கோயிலுக்கை சப்பாத்தோட போவமே? கழட்டி எறிஞ்சுபோட்டுச் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வெறுங்காலோட போனன்.

வீட்டை வந்து தலை முழுகேக்க முழங்காலுக்குப் பின்னால கறுப்பா, எள்ளு மாதிரி ஒண்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நகத்தால கிள்ளி எறிஞ்சன். கொஞ்ச நாளில அந்த இடம் வட்டமாச் சிவந்தது. எங்களுக்கு வட்டமா என்ன வந்தாலும் படர்தாமரைதானே. மஞ்சளைக் குழைச்சுப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனன்.

கோடை முடியிற நேரம் தலையிடி தொடங்கினது. முதல் பிடரி, பிறகு வலப்பக்கக் கன்னம், கண்ணுக்குக் கீழ, தாடை. பல்லு விளக்கேலாது, பாண் சப்பேலாது. சைக்கிளில போகேக்க இந்த மேற்குக் காத்து கன்னத்தில பட்டால் கோணி ஊசியால தைக்கிற மாதிரி இருக்கும். சில நேரம் கன்னம் அப்பிடியே விறைச்சுப் போகும், அந்த விறைப்புக்குள்ளயும் நோகும். அது எப்பிடி எண்டு கேளாதேங்கோ, எனக்கே விளங்கேல்லை.

டொக்டர் எல்லாம் கேட்டுப்போட்டு, அண்மையில வீட்டில ஏதும் நடந்ததோ எண்டார். சொன்னன். தலையை ஆட்டினார், முகத்தில இரக்கம். பல்லு டொக்டர் சொன்னார், கவலையில நித்திரையில பல்லை நறநறவெண்டு நெருமிறீங்கள் எண்டு. சரசக்கா, 'துக்கத்தை அடக்கி வைச்சால் அது மண்டைக்குள்ள ஏறும் பிள்ளை' எண்டுபோட்டு, எதுக்கும் கிடக்கட்டும் எண்டு மிளகாய் சுத்திக் குசினி அடுப்பில எரிச்சா. புகைக்கு நெருப்பு மணி அடிச்சு மேல்வீட்டு டெனிஸ்காரன் காற்சட்டையோட இறங்கி ஓடிவந்தான். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பீங்கள்.

நகரசபைக் கொமியூன்காரர் துக்கக் குழு ஒண்டுக்கும் அனுப்பினவை. வட்டமாக் கதிரை, நடுவில மெழுகுதிரி, கோப்பி, கேக். ஆளாளுக்குத் தங்கட செத்த ஆளைப் பற்றிக் கதைக்க வேணும். என்ர முறை வர, 'அவர் நல்லாக் குறட்டை விடுவார்' எண்டன். வேற ஒண்டும் வரேல்லை. அதுக்கே பக்கத்தில இருந்த மனுசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. எனக்கு அவவைப் பாக்கப் பொறாமையா இருந்தது.

ஆனால் ஒண்டு சொல்லட்டே? எல்லாரும் கவலை கவலை எண்ட, நானும் நம்பிட்டன். எனக்கு அது ஆறுதலாக்கூட இருந்தது. கண்ணால அழாதவள் மண்டையால அழுறாள், பரவாயில்லை, நானும் மனுசிதான் எண்டு நினைச்சன். நோ வரேக்க எல்லாம், சரி, இது அவருக்கு எண்டு பொறுத்தன். நோவுக்கு ஒரு பனடோல் குளிசை போடக்கூட மனம் வரேல்லை. விரதம் பிடிக்கிறவைக்குப் பசிக்கிறதுதானே விரதம், அப்பிடித்தான் வைச்சிருந்தன்.

பனி கொட்டின மாரியில ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கேக்க கடைவாயால வழிஞ்சு சட்டை நனைஞ்சு போச்சு. அபி என்ர முகத்தைப் பாத்துப்போட்டுக் கத்தினாள். வலப்பக்கம் முழுக்கத் தொங்கிப் போய்க் கிடந்தது, கண் மூடேலாது. ஆஸ்பத்திரியில முதுகில ஊசி போட்டுத் தண்ணி எடுத்துச் சோதிச்சினம். அடுத்த நாள் டொக்டர் பிள்ளை ஒருத்தி வந்து, கண்டுபிடிச்சிட்டம் எண்டு சந்தோசமாச் சொன்னாள். உண்ணி கடிச்சு அதின்ர கிருமி நரம்புக்குப் போயிருக்காம். உந்தத் தலையிடி, முகத்து நோ எல்லாம் அதாலதானாம்.

'அப்ப கவலை?' எண்டு கேட்டன்.

அவள் விளங்காமல் அபியைப் பாத்தாள். அபி என்னைப் பாத்தாள்.

பாருங்கோவன் அநியாயத்தை. மாதக்கணக்கா உங்களுக்கெண்டு நினைச்சுப் பட்ட நோ முழுக்க, ஒரு கோதாரி விழுந்த உண்ணி தந்த நோ. அப்ப உங்களுக்கெண்டு நான் என்ன பட்டன்? செத்தவீட்டில அழேல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில அழேல்லை. இருந்தது இந்த ஒரு தலையிடிதான், அதுவும் உங்களுக்கு இல்லையாம். இவ்வளவு காலம் ஒண்டாச் சீவிச்ச மனுசனுக்கு நான் துக்கப்படவே இல்லையோ? ஆஸ்பத்திரிக் கட்டிலில படுத்துக்கொண்டு, மருந்து சொட்டுச் சொட்டா இறங்கிறதைப் பாத்துக்கொண்டு இதைத்தான் யோசிச்சன். அப்பவும் அழுகை வரேல்லை, முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தன்.

கிருமி செத்திட்டுது. முகமும் முக்கால்வாசி திரும்பி வந்திட்டுது, சிரிச்சால்தான் ஒரு பக்கம் கொஞ்சம் இழுக்கும். ஆனால் நரம்பு பழுதாப் போச்சாம். நோ வரும், போகும், திரும்ப வரும், அதோடதான் சீவிக்க வேணும் எண்டிட்டினம். முதியோர் இல்லத்தில என்ர வேலையைப் பாதியாக் குறைச்சாச்சு. அங்க இருக்கிற கிழவி ஒருத்தி நான் போனால் யன்னலைச் சாத்தச் சொல்லுவா, காத்து எனக்குக் கூடாது எண்டு அவவுக்கு மட்டும் ஞாபகம் இருக்கு. மற்றவைக்கு என்னைப் பாத்தால் நோய் வருத்தக்காரி மாதிரித் தெரியிறதில்லை. 'நல்லாத்தானே இருக்கிறாய்' எண்டுவினம், நானும் ஓம் எண்டுவன்.

இன்னொரு பகிடியும் கேளுங்கோ. நரம்பு திரும்ப வளரேக்க வழி மாறிப் போச்சாம். வாயூறுறதுக்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போயிட்டுது. அதால நான் சாப்பிடத் தொடங்கினால் வலக்கண்ணால தண்ணி ஓடும். இதுக்கு டொக்டர்மார் வைச்சிருக்கிற பேர் முதலைக் கண்ணீராம். புருசனுக்கு அழாதவளுக்கு நல்ல பேர்தான் கிடைச்சிருக்கு.

உங்கட ஆண்டுத் திவசத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சமைச்சன். ஐயர் போனாப் பிறகு இலையில இருந்து முதல் கவளத்தை வாயில வைச்சதுதான், தொடங்கிட்டுது. சரசக்கா கண்டிட்டா.

'அழு பிள்ளை, அழு. இப்பவாவது அழுறியே!'

'நான் அழேல்லை அக்கா. கத்தரிக்காய் சாப்பிடுறன்.'

'சும்மா இரு. எனக்குத் தெரியாதே?'

எல்லாரும் சாப்பிடுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்துக்கொண்டிருந்தினம். கல்லு நெஞ்சு எண்டு கதைச்ச ரெண்டு பேர் துவாயை எடுத்து மூக்கைச் சிந்தினவை. பாயசம் வர எனக்கு இன்னும் கூட ஓடிச்சுது. அந்தளவு சனத்துக்கு முன்னால, உங்கட படத்துக்கு முன்னால, பொய்க் கண்ணீரோட இருந்து சாப்பிட்டு முடிச்சன். வெக்கமா இருந்தது எனக்கு.

சனம் போனாப் பிறகு அபி சாமான் கழுவேக்க அலுமாரியில ஆஸ்பத்திரியில தந்த நரம்பு மருந்துக் குளிசைப் பெட்டியைக் கண்டிட்டாள். ஒண்டும் உடைக்கேல்லை, அப்பிடியே கிடந்தது. ஏன் போடேல்லை எண்டு கேட்டாள்.

'அதைப் போட்டால் நோ தெரியாதாம்.'

'அதுக்குத்தானே தந்தது, அம்மா.'

'நோவும் போயிட்டால் உன்ர கொப்பருக்கு எண்டு என்னட்டை என்ன மிச்சம்?' எண்டன். சொல்ல வேணும் எண்டு நினைச்சுச் சொல்லேல்லை, வந்திட்டுது. உண்ணி எண்டு தெரிஞ்ச பிறகும் அந்த நோவை விட எனக்கு மனம் வரேல்லை. உங்களைக் கரைச்ச இடத்தில வந்ததுதானே. உங்களிட்ட இருந்து கடைசியா வந்தது அதுதானே.

அபி கோப்பையைக் கீழ வைச்சுப்போட்டு டெனிஸில சொன்னாள், 'அம்மா, உங்கட தலையிடி அப்பா இல்லை.' எனக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சாளோ என்னவோ, கையைத் துடைச்சுக்கொண்டு கிட்ட வந்து, அந்த உடைஞ்ச தமிழில திரும்பவும் சொன்னாள். 'அப்பா தலையிடி இல்லை அம்மா. அப்பா நல்ல ஆள்.'

அவளின்ர வாயில தமிழ் கேட்டுக் கன காலம். அண்டைக்கே அவளுக்கு முன்னால ஒரு குளிசை போட்டன். முதல் கிழமை முழுக்க விசரி மாதிரித் திரிஞ்சன், தேத்தண்ணிக்குள்ள உப்புப் போட்டன், பஸ்ஸில நித்திரை கொண்டு இறங்கிற இடம் தாண்டி ஹேர்னிங் வரைக்கும் போனன். நோ மட்டும் அசையேல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமா விட்டது.

இப்ப அந்தச் சனிக்கிழமைக்கு வாறன். பின்னேரம் வெளியில காயப்போட்ட உடுப்பு எடுக்கப் போனன். நல்ல காத்து. வலக்கன்னத்தில நேரா வந்து அடிச்சது. நான் பழக்கத்தில கண்ணை இறுக்கி, தோளைத் தூக்கிக்கொண்டு நிண்டன், இப்ப வரும் எண்டு. வரேல்லை. திரும்பவும் கன்னத்தைக் காத்துக்குக் காட்டினன். ஒண்டும் இல்லை. வெறும் காத்து.

உடுப்பை அள்ளிக்கொண்டு ஓடி உள்ள வந்து, வாசலில நிண்டே கத்தினன்.

'இஞ்சாருங்கோ! காத்துப் பட்டும் நோகேல்லை!'

நீங்கள் ரீவியில பந்து பாக்கேக்க கூப்பிடுவனே, அந்தச் சத்தம். ரீவி நிப்பாட்டிக் கிடந்தது. உங்கட கதிரையில காலமை நான் மடிச்சு வைச்ச துவாய்கள் இருந்தது. நான் மறுமொழிக்குப் பாத்துக்கொண்டு நிண்டன். உண்மையாத்தான் சொல்லுறன், பாத்துக்கொண்டு நிண்டன்.

நோ இருந்த காலம் முழுக்க இந்த வீட்டில ஆரோ என்னோட இருந்த மாதிரி இருந்தது. அது போக, வீடு வெறிச்சோடிக் கிடந்தது. நீங்கள் இல்லை எண்டு எனக்கு அப்பதான் தெரிஞ்சது. ஒரு வருசமா நல்லதா ஒண்டும் நடக்கேல்லை, அதால உங்களைக் கூப்பிட ஒரு தேவையும் வரேல்லை. ஒரு நல்ல விசயம் நடந்த உடன சொல்லுறதுக்கு எனக்கு ஆள் இல்லை.

அப்பிடியே வாசலில இருந்திட்டன், மடியில உடுப்போட. முகம் நனைஞ்சது. வழக்கமான வலக்கண் தண்ணிதான் எண்டு நினைச்சுத் தலையணை உறையால துடைச்சன். துடைக்கேக்கதான் பாத்தன், இடக்கண்ணும் நனைஞ்சிருந்தது.

என்ர வாயில ஒண்டும் இல்லை. நான் ஒண்டும் சாப்பிடேல்லை.

இதைச் சொல்லத்தான் எழுதினன். ஞாயிற்றுக்கிழமை நோ திரும்ப வந்திட்டுது, இண்டைக்கும் இருக்கு, இதை எழுதேக்கயும் தாடை இழுக்குது. நரம்பு வருத்தம் அதின்ர பாட்டில கிடக்கட்டும். நான் குளிசையை ஒழுங்காப் போடுவன். இனி உங்களை அதுக்குள்ள தேட மாட்டன். அடுத்த முறை அந்தக் கடற்கரைக்கு வரேக்க சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் வருவன், நீங்கள் ஒண்டும் நினைக்க மாட்டீங்கள் எண்டு தெரியும். நோகாத நாள் ஒண்டு வந்தால் வாசலில நிண்டு கூப்பிட்டுச் சொல்லுவன். மறுமொழி வராது. எண்டாலும் கூப்பிடுவன்.

நீங்கள் 'இஞ்சாரும்' எண்டால் திரும்பிப் பாக்கிற,
உங்கட மனுசி