திருப்பிக் கொடுத்த கோழி

அக்கா,

இன்று அறுப்பின் பண்டிகை. ஆலயத்துக்குள் நுழைந்ததுமே ஈர மண்ணோடு பிடுங்கிவந்த கேரட்டின் வாசனை. பீடத்துக்கு முன்னால் முட்டைக்கோஸும் பீன்ஸும் உருளைக்கிழங்குமாக, அவரவர் கொண்டுவந்த காணிக்கை குவிந்து கிடந்தது. ஆராதனை முடிந்து அவற்றை ஏலம் விடத் தொடங்கியபோது, நீங்கள் இல்லாதது சுருக்கென்று தைத்தது.

உங்கள் கோழியை நான் ஏலத்தில் எடுத்த வருடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஓய்வு பெற்று ஒற்றை அறையில் தனியாக இருந்தீர்கள். உங்களிடம் இருந்ததே முட்டையிடும் அந்த ஒரு கோழிதான். அதை அணைத்துக்கொண்டு வந்து காணிக்கையாக வைத்தீர்கள். நானோ கேத்தியில் காய்கறி மண்டி வைத்து நாலு காசு பார்த்துவிட்டவன். ஏலத்தில் என் குரல்தான் ஓங்கும். யாரும் நெருங்க முடியாத விலைக்குக் கோழியை எடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். அதை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சபையே கைதட்டியது. அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் கோழியோடு மண்டி வாசலில் நின்றீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங் தம்பி, நீங்க குடுத்தது ஆண்டவருக்குப் போயிருச்சு. நான் குடுத்தது என்ற ஊட்டுக்கே வந்துருச்சு. அப்ப நான் என்னத்தக் குடுத்தனுங்க?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லது செய்யப்போய் வாங்கிக் கட்டிக்கொள்கிறோமே என்று. இல்லாதவர்களிடம் கர்த்தர் கேட்கவில்லையே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கொழுந்து பறித்த கைக்கும் அவர் தந்ததிலிருந்து அவருக்கு எடுத்துக் கொடுக்க உரிமை உண்டு என்று நிதானமாகச் சொன்னீர்கள். கால் கட்டிய கோழியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். ஒரு கைதட்டலுக்காக உங்களிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அக்கா.

அதன் பிறகு ஞாயிறுதோறும் முட்டை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பீர்கள். ருசி என்றால் உங்கள் முகத்தில் ஒரு பெருமை வரும். ஆயிரக்கணக்கில் கொடுத்த எனக்கு அப்படி ஒரு முகம் வாய்த்ததில்லை.

இன்று ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண், குடியிருப்பின் பின்னால் தான் வளர்த்த கொடியில் காய்த்த ஒரே பூசணிக்காயைக் கொண்டுவந்திருந்தாள். நல்ல விலைக்கு எடுத்தேன். பக்கத்திலிருந்தவர், "பாவமுங்க, அந்தப் புள்ளைகிட்டயே குடுத்துருங்க" என்று காதில் சொன்னார். பொய் சொல்ல மாட்டேன், பழைய ஆசை எனக்குள் எட்டிப் பார்த்தது.

காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளிடம் போய், எங்கள் வீட்டில் இன்று இதுதான் குழம்பு என்றேன். என் தமிழ் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. நிமிர்ந்து நின்று, எப்படி நறுக்க வேண்டும், என்ன சேர்த்துத் தாளிக்க வேண்டும் என்று கையாலும் இந்தி மொழியாலுமாக எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

பாதி புரியவில்லை. ஆனால் வாங்கிக்கொள்ள எனக்குத் தெரிந்திருந்தது. அது நீங்கள் கொடுத்தது, அக்கா.