செருப்பை விட்டு ஆடிய மாலை

என்னங்க,

சேர்ந்திருப்பதா, பிரிவதா என்று என் வெளிநாட்டுப் பயிற்சி முடிவதற்குள் யோசித்துச் சொல்லச் சொன்னீர்கள். யோசித்தேன். மனம் மரக்கட்டையாகக் கிடந்தது.

நேற்று மாலை கூட வேலை பார்க்கும் பெண், “அக்கா, ரூம்ல உட்கார்ந்து சுவரையா பாக்கப் போறீங்க? வாங்க” என்று ஒரு கச்சேரிக்கு இழுத்துப் போனாள். மொழி தெரியாத பாட்டு. நடுவில் டிரம்ஸ்காரரின் குச்சி முறிந்தது. அவர் சிரித்துக்கொண்டே வெறுங்கையால் வாசிக்க, அரங்கமே எழுந்தது. நானும் செருப்பை எங்கோ விட்டுவிட்டு ஆடினேன்.

“அக்கா, நீங்களா இது!” என்றாள்.

நல்ல பாட்டு எங்கே கேட்டாலும் உங்களுக்குப் போன் போட்டு, பேசாமல் உயர்த்திப் பிடிப்பேனே. நேற்று போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இன்று காலையில்தான் அது உறைத்தது. அழுகைகூட வரவில்லை.

நான் வருவதற்குள் உங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு, வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

நான்