வழியா, வலியா?

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கையின் தோத்திரங்கள். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்! நான் நலமே.

போன ஞாயிறு சபையில் ஒரு சின்னக் கூத்து. கவலைப்படாதீர்கள். நான் "நீரே என் வழி" என்று பாட்டைத் தொடங்கினேன். கிட்டார்க்காரனுக்கு ழகரம் வராது. என் குரலை அமுக்கிக்கொண்டு "நீரே என் வலி" என்று கத்தினான். சபையும் பின்னாலேயே பாடி, ஆண்டவரைத் தலைவலியாக்கிவிட்டது. கான்வென்ட்டில் ஸ்கேல் அடி வாங்கி ழகரம் பழகிய நாக்கு நமக்கு, பொறுக்குமா? கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினேன்.

"தம்பி, அவர் வழி. வலி நீதான்."

பிறகு வாத்தியமே இல்லாமல் எல்லாரையும் பாடவைத்தேன். அத்தனை நாக்கும் ஒன்றாக மடங்கியது, அக்கா. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்தக் கூட்டத்தைச் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

பாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "அம்மா, எப்படிப் பாடினாலும் ஆண்டவருக்குப் புரியும். அடுத்த வாரத்திலிருந்து நீங்க ரெஸ்ட் எடுங்க, தம்பி நடத்தட்டும்."

"புரியும் ஐயா. உங்க பிரசங்கமே அவருக்குப் புரியுதே!"

பாட்டு நடத்தவென்றே என்னை இவ்வளவு தூரம் வரவழைத்தவர்கள், மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். தொண்டையைப் பிடுங்க முடியுமா? வரும் ஞாயிறு முதல் வரிசையில் உட்காருவேன். "வலி" என்று வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. சனிக்கிழமை போன் செய்யுங்கள். அந்தப் பாட்டை ஒருமுறை பாடிப்பார்க்க வேண்டும். கீழ்க்குரல் நீங்கள் பாடுங்கள். இங்கே என்னோடு சேர்ந்து பாட ஒருவரும் இல்லை.

அவசரத்தில்,
தங்கை